கரடி நடமாடும் மலைக்காட்டுக்கு எந்தத் தோட்டா: கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பற்றி ஓர் ஒப்பீடு

அலாஸ்காவிலும் வயோமிங், மொன்டானா மலைகளிலும் சாலையை விட்டுப் பல மைல் உள்ளே நடந்து போய்க் கூடாரம் அடிப்பவர்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அந்த ஊர்களில் சாதாரணம். எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசிக்கும் பலர், அதில் எந்தத் தோட்டாவை நிரப்புவது என்பதை மட்டும் கிளம்புவதற்கு முந்தைய நாள் கடை அலமாரியில் கிடைப்பதைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். கரடியைப் பொறுத்தவரை இது தலைகீழான வரிசை. மனிதரைத் தடுப்பதற்கென்று வடிவமைத்த தோட்டா, கடையில் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பழுப்புக் கரடிக்கு எதிரே பெரும்பாலும் தவறான தோட்டாவாகவே இருக்கும். காலிபரை, அதாவது குண்டின் விட்ட அளவை விட, தோட்டாவின் முனையிலிருந்து பாயும் அந்தக் குண்டின் கட்டமைப்பு முக்கியம். அதையும் விட, அந்தத் தோட்டாவை உங்கள் கையால் விரைவாக இரண்டாம் முறையும் குறி தவறாமல் சுட முடிகிறதா என்பது முக்கியம். இந்த வரிசையில்தான் நான் எல்லாத் தேர்வுகளையும் எடை போடுகிறேன்.

முதலில், எந்தக் கரடி என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் இருப்பது கருங்கரடி மட்டுமே. அந்த மாநிலத்தின் கிரிஸ்லி, அதாவது உள்நாட்டில் வாழும் பழுப்புக் கரடி, 1920-களோடு அழிந்துபோயிற்று. அங்கே நடைப்பயணம் போகிறவருக்குத் தேவை உணவைப் பூட்டி வைக்கும் கரடிப் பெட்டி. துப்பாக்கி தேவையே இல்லை என்பது என் கருத்து. அலாஸ்காவில் பழுப்புக் கரடிகளின் எண்ணிக்கை சுமார் 30,000 என்று கணிக்கப்படுகிறது. அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் கிரிஸ்லிகள் ஏறத்தாழ 2,000 இருக்கும். அவை பெரும்பாலும் யெல்லோஸ்டோனைச் சுற்றியும் மொன்டானாவின் வடக்கிலும் வாழ்கின்றன. சால்மன் மீன் தின்று கொழுத்த கடலோரப் பழுப்புக் கரடியின் பெரிய ஆண், 450 கிலோவையும் தாண்டும். உள்நாட்டுக் கிரிஸ்லி அதில் பாதியளவு இருக்கலாம். இந்த ஒப்பீடு இவ்விரண்டையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

இரண்டாவதாக, கரடி ஸ்பிரே. தோட்டாவைப் பற்றிப் பேசுமிடத்தில் இதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் மிளகாய்ச் சத்து ஸ்பிரே பயன்பட்ட 83 நிகழ்வுகளில், பழுப்புக் கரடிகளின் தொல்லை 92 சதவீதம் முறை நின்றது. அதே குழுவினர் 2012-இல் துப்பாக்கி பயன்பட்ட 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கி 84 சதவீதமும், நீளத் துப்பாக்கிகள் 76 சதவீதமும் பலனளித்ததாகக் கண்டார்கள். இந்த எண்களை அருகருகே வைத்து வெற்றி தோல்வி பேசுவது சரியல்ல. ஸ்பிரே நிகழ்வுகளில் வெறும் ஆர்வத்தால் கிட்ட வந்த கரடிகளும் அடக்கம். துப்பாக்கி நிகழ்வுகளிலோ ஆபத்து முற்றிய கட்டங்கள் மிகுதி. ஆனாலும் ஒன்று புலனாகிறது: பதற்றத்தில் நடுங்கும் கைக்கு, அகலமாகப் பரவும் மேகம் ஒரு சிறிய குண்டை விட அதிகம் மன்னிக்கிறது. எதிர்க்காற்றிலும் கொட்டும் மழையிலும் கூடாரத்துக்கு உள்ளேயும் ஸ்பிரேக்குக் குறைகள் உண்டு. துப்பாக்கி அந்த இடங்களுக்குத் துணை. ஸ்பிரே முதலில், துப்பாக்கி அதற்குப் பின் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்து, அமெரிக்காவில் வாழும் நம்மவர் பலர் கவனிக்கத் தவறும் ஒரு சட்டம். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாக்களில் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியை மட்டுமல்ல, ஒரே ஒரு தோட்டாவைக் கூட வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்யாமல் நண்பரின் பேச்சை நம்பி இறங்குவது, விசாவையும் எதிர்காலத்தையும் பணயம் வைப்பதாகும். பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க 2010 பிப்ரவரி முதல் இடமுண்டு. சுடுவதற்கான விதிகள் வேறு. கனடா வழியாக அலாஸ்கா நெடுஞ்சாலையில் காரில் போக நினைப்பவர்கள் கைத்துப்பாக்கியை மறந்துவிடலாம். அந்நாட்டின் கட்டுப்பாடுகள் 2022-க்குப் பிறகு மேலும் இறுகிவிட்டன.

இனி குண்டு. தோட்டாவின் முனையில் இருக்கும் அந்த உலோகத் துண்டு கரடியின் உடலில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால், பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். பாய்ந்து வரும் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வரக்கூடும். 30 மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு நொடி போதும். தலையைத் தாழ்த்தி, தோள்களை முன்னே தள்ளி அது வரும்போது, எதிரே நிற்பவருக்குத் தெரிவது பின்னோக்கிச் சரிந்த நெற்றி, மூக்கு, அதன் பின்னே கனத்த தோள்கள். மூளை நாம் நினைப்பதை விடத் தாழ்வாக, கண்களுக்குப் பின்னால் இருக்கிறது. இதயத்தில் குண்டு பாய்ந்தாலும் அந்த விலங்குக்குப் பத்து நொடிக்கு மேல் உயிரும் வேகமும் மிஞ்சலாம். அந்தப் பத்து நொடியில் அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடும். உடனே நிறுத்த வேண்டுமானால் மூளையையோ முதுகுத்தண்டையோ குண்டு எட்ட வேண்டும், அல்லது தோள் எலும்பை உடைத்து அதை நிலைகுலைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றே: அடர்ந்த மயிர், கொழுப்பு, தசை, எலும்பு என ஒவ்வொன்றையும் கடந்து நேராக ஆழப் பாயும் திறன்.

காவல்துறையினரும் வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர்களும் நிரப்புவது ஹாலோ பாயிண்ட் குண்டு. முனையில் குழியுள்ள இந்தக் குண்டு, ஈரமான தசைக்குள் நுழைந்ததும் பூப்போல விரிந்து வேகத்தை இழக்கிறது. எஃப்பிஐ வகுத்த சோதனைமுறையில், தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை போவதே விரும்பத்தக்க ஆழம். மனித உடலுக்கு அது போதும். பின்னால் இருப்பவரைக் காப்பதற்காகவே அது அங்கே நிற்கும்படி செய்யப்படுகிறது. கரடியில் அதே குணம் எதிரியாகிவிடுகிறது: தோளின் மேல்பகுதியிலேயே விரிந்து, உள்ளே போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே நின்றுவிடலாம். சிறிய கருங்கரடி மட்டுமே உள்ள பகுதிகளில், கனமான, உறுதியாகக் கட்டப்பட்ட ஹாலோ பாயிண்டுக்கு ஓரளவு இடம் தரலாம். கிரிஸ்லி இருக்கும் காட்டில் தரமாட்டேன்.

பயிற்சிக்கூடங்களில் மலிவாகக் கிடைக்கும் முழுச் செப்பு உறையிட்ட குண்டு விரியாது, ஆகையால் ஆழமாகப் போகும். ஆனால் அதன் உருண்டை முனை, சாய்வான எலும்பில் பட்டால் வழுக்கித் திசை மாற வாய்ப்புண்டு. தசையிலும் அது பிளந்துகொண்டு போகிறதே தவிர வெட்டிக்கொண்டு போவதில்லை. வேறெதுவும் இல்லாத நேரத்தில் ஹாலோ பாயிண்டை விட இது மேல் என்பதோடு இதை நிறுத்திக்கொள்ளலாம்.

அலாஸ்காவில் அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது ஹார்டு காஸ்ட் எனப்படும் கடின வார்ப்பு ஈயக் குண்டைத்தான். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்து இதைக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: மங்கிய சாம்பல் நிறம், இடுப்பில் ஒரு பள்ளம், அதில் மெழுகு போன்ற மசகு, முனையோ கத்தியால் சீவியது போல அகன்ற தட்டை. அந்தத் தட்டை முனையில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. அது திசுவைத் தள்ளாமல் வெட்டிக்கொண்டு போகிறது. எலும்பில் பட்டாலும் பாதை மாறாமல் நேராகப் போகும் இயல்புடையது. ஜெலட்டின் சோதனைகளில் இத்தகைய குண்டுகள் மூன்றடியையும் தாண்டிப் போவது சாதாரணம். ஆனால் கலவை முக்கியம். அளவுக்கு மீறிக் கெட்டியாக்கினால் எலும்பில் நொறுங்கும். மென்மையாக விட்டால் முனை நசுங்கி ஆழம் குறையும். ஆகவே பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காமல், கரடித் தோட்டா செய்வதில் பெயர் பெற்ற பஃபலோ போர், அண்டர்வுட், ஃபெடரல் போன்ற நிறுவனங்களின் வகைகளைப் பார்ப்பது நல்லது.

இதற்கு மாற்று, முழுக்கச் செம்பால் கடைந்தெடுத்த ஊடுருவும் குண்டு; சிலவற்றின் முனையில் பள்ளவரிகள் செதுக்கியிருப்பார்கள். ஈயம் படியாது, உடையாது, பிஸ்டலில், அதாவது பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியிலிருந்து தோட்டா தானாக ஏறும் கைத்துப்பாக்கியில், தடையின்றி ஏறும். செம்பு ஈயத்தை விட இலேசானது என்பதால் குண்டின் எடை குறைந்து, அதை வேகத்தால் ஈடுகட்டுகிறார்கள். பெரிய எலும்பைத் தாக்கிய பின்னும் பாதையைத் தக்கவைப்பதற்கு எடை உதவும் என்பதால் எனக்கு ஹார்டு காஸ்டே முதல் விருப்பம். ஆனால் ஒரு பிஸ்டல் தட்டை முனைக் குண்டை விழுங்க மறுத்தால், தயங்காமல் செம்புக்கு மாறுவேன். இரண்டுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை உண்டு: இவ்வளவு ஆழம் போகும் குண்டு கரடியைத் துளைத்து வெளியேறலாம். தோழரைப் போட்டு அமுக்கும் கரடியைச் சுடும்போது எந்தக் கோணத்தில் சுடுகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை.

காலிபருக்கு வருவோம். 9 எம்எம்மில் தொடங்குகிறேன், ஏனெனில் பலரிடம் ஏற்கனவே இருப்பது அதுதான். 147 கிரெய்ன் எடையுள்ள, அதாவது ஒன்பதரை கிராம் ஹார்டு காஸ்ட் குண்டை, கூடுதல் அழுத்தம் கொண்ட தோட்டா நொடிக்கு 340 மீட்டர் அளவில் செலுத்துகிறது. ஆற்றல் சுமார் 550 ஜூல். 2016-இல் அலாஸ்காவில் மீன்பிடிக்க அழைத்துச் சென்ற விருந்தினர்களைத் தாக்க வந்த பழுப்புக் கரடியை ஒரு வழிகாட்டி இத்தகைய தோட்டாவால்தான் கொன்றார். அதைக் காட்டி ‘ஒன்பதே போதும்’ என்று வாதிடுபவர்கள், அவர் பல்லாண்டுகள் கரடிகளோடு வாழ்ந்து பழகிய தொழில்முறை வழிகாட்டி என்பதையும், அவர் நிரப்பியிருந்தது ஹாலோ பாயிண்ட் அல்ல என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 9 எம்எம் போதுமானது என்பதற்கு அது சான்றாகாது; சரியான குண்டும் சரியான குறியும் சேர்ந்தால் சிறிய காலிபரும் ஆழம் எட்டும் என்பதற்குத்தான் சான்று. கருங்கரடிப் பகுதிக்கு, ஏற்கனவே அந்தத் துப்பாக்கியில் நன்கு தேறியவருக்கு, இதை நான் ஏற்கிறேன். கூடுதல் அழுத்தத் தோட்டாவைத் துப்பாக்கி தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1935-இல் வந்த .357 மேக்னம், சுழலும் உருளையில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வரை விரும்புகிறவர்களின் முதல் படி. 180 கிரெய்ன் ஹார்டு காஸ்ட் குண்டுடன், நான்கங்குலக் குழலிலிருந்து 900 ஜூல் அளவில் ஆற்றல் தரும். அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவால் மலிவாகப் பயிற்சி செய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பையில் கனக்கக் கூடாது என்று குட்டி ரிவால்வரை வாங்கினால், ஒவ்வொரு சூடும் கையைத் தட்டி எறியும். குறுகிய குழலில் வேகமும் குறையும். எஃகுச் சட்டகம் கொண்ட நடுத்தர அளவு ரிவால்வர் என்றால்தான் இந்தத் தேர்வுக்குப் பொருள் இருக்கிறது.

10 எம்எம் ஆட்டோ 1983-இல் பிறந்து, எஃப்பிஐயால் சில காலம் ஏற்கப்பட்டு, பின் கைவிடப்பட்டு, காட்டுப் பயணிகளால் மறுவாழ்வு பெற்ற தோட்டா. 200 முதல் 220 கிரெய்ன் வரையிலான ஹார்டு காஸ்ட் குண்டு நொடிக்கு 365 மீட்டர் வேகத்தில் 950 ஜூல் தருகிறது. அதாவது .357-க்கு ஈடான சக்தி, கிளாக் 20 போன்ற துப்பாக்கியில் பதினைந்து தோட்டாக்கள், உதைப்போ பயிற்சி பெற்ற சராசரிக் கைக்கு அடங்கும் அளவு. கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய்ச் சறுக்குவண்டிகளில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் துருவக் கரடிக்கெதிராக இடுப்பில் வைத்திருப்பதும் 10 எம்எம் கிளாக்தான். பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் விடை இதுவே. ஒரு பொறி மட்டும் இருக்கிறது. கடையில் 10 எம்எம் என்று விற்கும் பெட்டிகளில் கணிசமானவை, 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு 315 மீட்டர் போல மெதுவாகச் செலுத்தும் தணிந்த தோட்டாக்கள். அவற்றின் ஆற்றல் 9 எம்எம்மை மயிரிழையில்தான் தாண்டும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எடையையும் வேகத்தையும் படிக்காமல் வாங்கினால், பெரிய துப்பாக்கியைச் சுமந்து சிறிய பலனைப் பெறுவீர்கள்.

.44 மேக்னம் 1950-களின் நடுவில் வந்த நாள் முதல் கரடி நாட்டின் கைத்துப்பாக்கியாகப் பெயர் பெற்றது. அந்தப் பெயருக்கு அது தகுதியானதே. 240 கிரெய்ன் முதல் 300-க்கு மேல் வரை குண்டு எடைகள் கிடைக்கின்றன. கனமான வகைகள் 1,600 ஜூல் அளவை எட்டும், தட்டை முனையும் அகலமானது. ஒரே குண்டு விழ வாய்ப்பிருந்து, அது சரியான இடத்திலும் விழுந்தால், 10 எம்எம்மை விட .44-ஐத்தான் விரும்புவேன். ஆனால் இரண்டு நொடியில் நடப்பது அப்படியல்ல. முதல் குண்டு தவறினால் இரண்டாவது எவ்வளவு விரைவில், எங்கே போகும் என்பதே கேள்வி. அங்கே உதைப்பு குறுக்கே நிற்கிறது. எழுநூறு கிராம் எடையுள்ள இலேச உலோக ரிவால்வரில் 300 கிரெய்ன் தோட்டாவைச் சுட்டவர்கள் அடுத்த சூட்டுக்கு முன் கண்ணை மூடுவதைப் பயிற்சிக்கூடத்தில் பார்க்கலாம். .44-ஐத் தேர்ந்தெடுப்பவர் கனமான எஃகு ரிவால்வரையும், உச்சபட்ச வேகம் இல்லாத 240, 255 கிரெய்ன் ஹார்டு காஸ்ட் தோட்டாவையும் எடுத்துக்கொண்டால், போதிய ஆழத்தோடு கட்டுப்பாடும் கிடைக்கும். இது பலருக்கு ஏமாற்றமாகத் தோன்றும் அறிவுரை. ஆனால் ஆழம் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்த பிறகு, அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு ஜூலும் உங்கள் குறியிலிருந்துதான் பிடுங்கப்படுகிறது.

.454 கசுல், .460, .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சக்தியில் இவற்றை மறுப்பதற்கில்லை; .500-இன் ஆற்றல் 3,500 ஜூலைத் தாண்டும். ஆனால் ஐந்து தோட்டா, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை, மணிக்கட்டை வலிக்கச் செய்யும் உதைப்பு. அந்த எடையே பலரை, தண்ணீர் எடுக்கவோ காலைக்கடனுக்கோ போகும்போது துப்பாக்கியைக் கூடாரத்தில் விட்டுப் போக வைக்கிறது. இவற்றோடு நீண்ட பழக்கம் உள்ளவர்களுக்கு இவை பொருந்தும். முதல் கரடித் துப்பாக்கியாக வாங்குபவருக்குப் பொருந்தா.

தோட்டாவைத் தேர்ந்தெடுத்த பின், அது உங்கள் துப்பாக்கியில் இயங்குகிறதா என்று சோதிக்காமல் காட்டுக்குக் கொண்டுபோவது பெரும் பிழை. ரிவால்வரில் பார்க்க வேண்டியது குண்டு முன்னேறுதல். கனமான தோட்டாவின் உதைப்பில், உருளையில் இன்னும் சுடப்படாமல் இருக்கும் தோட்டாக்களின் உறை பின்னே இழுபட, குண்டு மட்டும் இருந்த இடத்தில் நின்று மெல்ல வெளியே வருகிறது. அது உருளையின் முகப்பைத் தாண்டி நீட்டினால் உருளை சுழலாது. கையில் இருப்பது வெறும் எஃகுக் கட்டி. சோதிப்பது எளிது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை கேலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியால் அளந்து, அதற்கு அடையாளமிட்டு, மற்ற ஐந்தையும் சுட்டபின் அதை எடுத்து மீண்டும் அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியுமளவு நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. இலேசான ரிவால்வர்களில்தான் இது மிகுதி.

பிஸ்டலில் பிரச்சினை வேறு. அகன்ற தட்டை முனை, தோட்டாவைக் குழலுக்குள் வழிநடத்தும் ஏற்றுச்சரிவில் முட்டி நிற்கலாம். பலவீனமான பிடியில், ஒவ்வொரு சூட்டுக்கும் முன்பின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு முழுதாகப் பின்வராமல் போகலாம். கனமான தோட்டாவுக்குச் சற்று வலுவான சுருள்வில் தேவைப்படலாம். கிளாக் நிறுவனம் தன் குழல்களில் உறையிடாத ஈயக் குண்டைச் சுட வேண்டாம் என்கிறது. பலகோண வடிவக் குழலில் ஈயம் படிந்து அழுத்தம் கூடும் என்பது காரணம். பாலிமர் பூச்சிட்ட ஹார்டு காஸ்ட் குண்டோ, வழக்கமான வரிகள் கொண்ட மாற்றுக் குழலோ, செம்புக் குண்டோ இதற்கு வழி. எதுவானாலும், சுமந்து செல்லப்போகும் அதே தோட்டாவில் இரண்டு பெட்டிகளாவது, இரு கையாலும், பின் ஒரு கையாலும், கையுறையோடும் தடங்கலின்றி ஓட வேண்டும். ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல் ஆகும் என்று இதில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை. மற்றப் பயிற்சியை அதே எடையுள்ள மலிவான தோட்டாவால் செய்துகொள்ளலாம்.

மேகசினில் முதலில் ஒரு ஹாலோ பாயிண்ட், பின்பு ஹார்டு காஸ்ட் என்று கலந்து நிரப்பும் வழக்கம் சிலரிடம் உண்டு; மனிதரும் கரடியும் இருவருமே அச்சுறுத்தல் என்பது அவர்கள் நியாயம். கரடி முதலில் வந்தால் முதல் குண்டே வீண் என்பதால் இதை நான் ஏற்கவில்லை.

முதுகுப்பையின் இடுப்புப்பட்டை வழக்கமான உறையை மறைத்துவிடும் என்பதால் மார்பில் கட்டும் உறையே நடைப்பயணிக்கு ஏற்றது. ஸ்பிரே மற்றக் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கரடியைக் கொல்ல நேர்ந்தால், அலாஸ்காவில் தோலையும் மண்டையோட்டையும் மீட்டு மாநில அரசிடம் ஒப்படைத்து, 15 நாட்களுக்குள் எழுத்து அறிக்கை தர வேண்டும். அலாஸ்காவுக்கு வெளியே கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால் விசாரணை இன்னும் கடுமையாக இருக்கும். இரவில் பிஸ்டலைக் காலி செய்து காலையில் அதே தோட்டாவை மறுபடி மறுபடி ஏற்றும் பழக்கம் குண்டை உறைக்குள் பின்தள்ளி அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். ஆகையால் ஏற்றும் தோட்டாவை மாற்றி மாற்றிப் போடுங்கள். பருவம் முடிந்ததும் சுமந்த தோட்டாக்களைப் பயிற்சிக்கூடத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டு அடுத்த ஆண்டுக்குப் புதுப் பெட்டி வாங்குங்கள்.